ட்ரோஜன் ஹார்ஸ்: ஒரு டச்சுப் பாட்டின் தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது?

1978ஆம் ஆண்டு நெதர்லாந்தின் 'லவ்' பாடகிகள் குழுவுக்கு நல்ல காலம். ஜோசே ஹூபே, பேட்டி பிரார்ட், மார்கா ஸ்கேய்டே என மூன்று பெண்கள். முந்தைய ஆண்டுதான் அவர்களுடைய முதல் இசைத்தட்டு வந்திருந்தது. 1978இல் அவர்களின் இரண்டு பாட்டுகள் அந்த நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தன. இரண்டாவது பாட்டின் பெயர் 'ட்ரோஜன் ஹார்ஸ்'. ஹான்ஸ் ஃபான் ஹேமர்ட், பீட் சௌவர் இருவரும் சேர்ந்து எழுதியது. தட்டில் சொந்தப் பெயரைப் போடாமல் ஒரு புனைபெயருக்குள் இருவரும் ஒளிந்துகொண்டார்கள். இந்தத் தலைப்புக்கு அது பொருத்தம்தான்.

பாடியவர்கள் டச்சுக்காரர்கள், பாட்டு ஆங்கிலம், தலைப்போ கிரேக்கக் கதை. இந்தத் தலைப்பைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் நம்மிடம் இதற்கு நிலையான ஒரு சொல் இல்லை என்று தெரிந்தது. 'ட்ராய் குதிரை', 'ட்ரோஜன் குதிரை', 'ட்ரோஜன் வைரஸ்' என்று ஆளுக்கொன்று எழுதுகிறோம்.

கதை பலருக்கும் தெரிந்திருக்கும். பத்து ஆண்டு முற்றுகையிட்டும் ட்ராய் நகரம் விழவில்லை. கிரேக்கர்கள் ஒரு பெரிய மரக்குதிரை செய்து, அதன் வயிற்றுக்குள் வீரர்களை ஒளித்துவைத்துவிட்டு, கப்பலேறிப் போய்விட்டதுபோல் காட்டினார்கள். ட்ராய் மக்கள் தங்கள் கையாலேயே அதை நகருக்குள் இழுத்து வந்தார்கள். இரவில் குதிரையின் வயிறு திறந்தது. இது ஹோமரின் இலியட்டில் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் இல்லை. ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியின் எட்டாம் பகுதியில் ஒரு பாணன் இதைப் பாடுகிறான். விரிவாகச் சொல்வது ரோமானியக் கவி வர்ஜில், தம் ஈனியட் காவியத்தின் இரண்டாம் பகுதியில்.

ஹோமர் இதற்கு வைத்த பெயர் வெறும் 'மரக்குதிரை'. ஊர்ப் பெயர் அதில் இல்லை. கி.மு. 63இல் ரோமானியப் பேச்சாளர் சிசரோ ரோமில் ஒரு வழக்கில் வாதாடும்போது, ஆட்சியைக் கவிழ்க்க முயன்ற கேட்டிலைனின் சதிக்கூட்டத்தை மனத்தில் வைத்து, 'ட்ராய் குதிரை உள்ளே இருக்கிறது, உள்ளேயே இருக்கிறது' என்று எச்சரிக்கிறார். கதைக் குதிரை உவமைக் குதிரையாக மாறிவிட்டது அதில் தெரிகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். செய்தவர்கள் கிரேக்கர்கள், ஏமாந்தவர்கள் ட்ராய்க்காரர்கள். பெயரில் நிற்பதோ ஏமாந்தவர்களின் ஊர். இன்று கணினிக்குள் புகுந்து திருடும் நிரலைச் சுருக்கமாக 'ட்ரோஜன்' என்கிறோம். ட்ரோஜன் என்றால் ட்ராய் நகரத்து ஆள் என்றுதான் பொருள். வஞ்சிக்கப்பட்டவனின் பெயரையே வஞ்சகனுக்குச் சூட்டிவிட்டோம். தமிழ்ச் சொல் தேடும்போது இந்தப் பிழையையும் சேர்த்து இறக்குமதி செய்யவேண்டியதில்லை.

கணினித் துறையில் இந்தப் பெயர் 1970களின் தொடக்கத்திலேயே புழங்கியது. அமெரிக்க விமானப்படைக்காக ஜேம்ஸ் ஆண்டர்சன் 1972இல் எழுதிய கணினிப் பாதுகாப்பு அறிக்கையில் இது இருக்கிறது; பெயரைச் சொன்னவர் டேனியல் எட்வர்ட்ஸ் என்ற குறிப்பும் உண்டு. வைரஸ் தானாகப் பரவும். ட்ரோஜன் அப்படியில்லை. விளையாட்டு, இலவச மென்பொருள், யாரோ அனுப்பிய கட்டணச்சீட்டு என்று நமக்கு வேண்டிய ஏதோ ஒன்றின் வேடத்தில் வாசலில் நிற்கும். கதவைத் திறந்து உள்ளே விடுவது நாம்தான். ஆகவே 'ட்ரோஜன் வைரஸ்' என்று எழுதுவது தவறு.

டச்சு மொழியில் இதை 'பார்ட் ஃபான் த்ரோயெ' என்பார்கள், அதாவது ட்ராயின் குதிரை. 'ட்ராய் குதிரையை உள்ளே கொண்டுவருதல்' என்றே அங்கே ஒரு மரபுத்தொடர் உண்டு. கேடு செய்பவரை நாமே வீட்டுக்குள் அழைத்துவருவது என்று பொருள். அவர்களுடைய சொந்த வரலாற்றிலேயே இப்படி ஒரு சம்பவம் இருக்கிறது. 1590 மார்ச் மாதம், பிரேடா நகரக் கோட்டை ஸ்பானியர் கையில் இருந்தது. அங்கே விறகுக்குப் பதிலாக எரிக்கும் கரிமண் கட்டிகளை ஏற்றிவரும் படகு ஒன்று வழக்கமாகக் கோட்டைக்குள் போய்வரும். அந்தக் கட்டிகளுக்கு அடியில் சுமார் எழுபது டச்சு வீரர்கள் படுத்துக்கொண்டார்கள். குளிரிலும் ஈரத்திலும் சில நாள் அப்படியே கிடந்தார்கள். கோட்டைக்குள் எரிபொருள் இல்லாத நேரம். யாரும் சரியாகச் சோதிக்கவில்லை. காவல் வீரர்களே பனிக்கட்டி மிதந்த நீரில் படகை உள்ளே இழுத்துவிட்டார்கள். இரவில் கோட்டை கைமாறியது.

நம் பக்கத்திலும் இதே கதை இருக்கிறது, குதிரைக்குப் பதில் யானையோடு. கோசம்பி மன்னன் உதயணனுக்கு யானை என்றால் உயிர். யாழ் வாசித்தே மதயானையை அடக்குவான். அவனைப் பிடிக்க நினைத்த உஞ்சை நகர மன்னன் பிரச்சோதனன், எந்திர யானை ஒன்று செய்து, உள்ளே வீரர்களை வைத்துக் காட்டில் நிறுத்தினான். யாழோடு நெருங்கிய உதயணன் சிறைப்பட்டான். கொங்குவேளிர் பாடிய பெருங்கதை உதயணன் வரலாறுதான். அந்நூலின் முற்பகுதி நமக்குக் கிடைக்கவில்லை என்பது பெரிய இழப்பு. மணிமேகலை ஆசிரியர் இந்தச் சம்பவத்தை 'வஞ்சம் செய்துழி' என்ற இரண்டே சொல்லில் சுட்டிவிட்டுப் போகிறார். படிப்பவருக்குக் கதை தெரியும் என்று அவ்வளவு நம்பிக்கை.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒற்றுமை தெரிகிறது. யானைப் பித்தனுக்கு யானை. குளிரில் நடுங்கும் காவலருக்கு எரிகட்டி. ட்ராய்க்காரர்களை ஹோமர் குதிரையை அடக்குபவர்கள் என்று பாடுகிறார். இலியட்டின் கடைசி வரிகூட ட்ராய் இளவரசன் ஹெக்டரை அப்படித்தான் சொல்கிறது. அவர்களுக்குக் குதிரை. எதிரி ஒளிந்திருப்பது பாதி விஷயம்தான். எதற்குள் ஒளிந்திருக்கிறான் என்பது மீதிப் பாதி. ஏமாறுபவர் ஆசைப்படும் பொருளுக்குள்!

இதைச் சொல்லும் தமிழ்ச் சொல் எது? மரக்குதிரை என்றால் குழந்தை ஏறி ஆடும் பொம்மையோ கோயில் வாகனமோ நினைவுக்கு வரும், வஞ்சகம் வராது. பொய்க்குதிரை என்றால் பொய்க்கால் குதிரை ஆட்டம் குறுக்கே வந்து நிற்கும். அந்த ஆட்டத்திலும் குதிரைக்கூட்டுக்குள் ஆள் இருக்கிறார் என்றாலும், அவர் யாரையும் ஏமாற்றவில்லை, ஊரையே மகிழ்விக்கிறார். அந்தப் பெயரைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம்தான் 'பொறி' நினைவுக்கு வந்தது. பொறி என்றால் எந்திரம். சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் இருக்கும் வளைவிற்பொறி, சீவகசிந்தாமணியில் விசயை ஏறிப் பறக்கும் மயிற்பொறி எல்லாம் இந்தப் பொருளில் வருபவை. பொறி என்றால் கண்ணியும்தான்: எலிப்பொறி, பொறியில் சிக்கினான். செய்த பொருள் என்பதும் சிக்கவைக்கும் பொருள் என்பதும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. ஆங்கிலத் தொடரில் இந்த வசதி கிடையாது.

மயிற்பொறி போல 'குதிரைப்பொறி' என்று சொல்லலாமா? எலிப்பொறி காதில் பழகியவர்கள் அதைக் குதிரை பிடிக்கும் பொறி என்று புரிந்துகொள்வார்கள். திருப்பிப் போட்டால் சரியாகிவிடும்: பொறிக்குதிரை. பொறியாகிய குதிரை, இருபெயரொட்டு. 'க்' விடாமல் எழுதவேண்டும்.

எல்லா இடத்திலும் இதையே திணிக்க வேண்டாம். கிரேக்கக் கதையைச் சொல்லும்போது 'ட்ராய் மரக்குதிரை' போதும். அது ஓர் ஊரில் நின்ற ஒரு குறிப்பிட்ட குதிரை. கணினியில் 'பொறிக்குதிரை நிரல்', பழகியபின் வெறும் பொறிக்குதிரை. அரசியலில், 'அந்த ஒப்பந்தம் ஒரு பொறிக்குதிரை' என்றால் விளக்கம் இல்லாமலே புரியும். லவ் குழுவின் பாட்டைத் தமிழில் குறிப்பிடும்போது, அது ஒரு தட்டின் பெயர் என்பதால் 'ட்ரோஜன் ஹார்ஸ்' என்றே முதலில் எழுதி, பக்கத்தில் பொறிக்குதிரை என்று பொருள் தருகிறேன்.