நங்கூரம் போட்ட கப்பலும் திருவாதிரையும்

காசிமேட்டில் என்-4 பீச் பக்கம் கருங்கல் கொட்டிய கரையில் இருட்டிய பிறகு உட்கார்ந்தால், கடலுக்குள் ஒரு சின்ன ஊரே விளக்கேற்றி வைத்ததுபோல இருக்கும். துறைமுகத்துக்குள் போக முறை வராமல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள், அவற்றுக்கு நடுவே ஃபைபர் படகுகள். ஒரு மார்கழி இரவில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீனவர் ஒருவரிடம் ஒரு வெளிச்சத்தைக் காட்டி, "அது எவ்ளோ தூரம் இருக்கும்ணே?" என்று கேட்டேன்.

"அது இன்னான்னு தெரிஞ்சாதானே தூரம் சொல்ல முடியும்? கிட்ட நிக்கிற போட்டு லைட்டும் அப்டித்தான் தெரியும், தூரத்துல நிக்கிற கப்பல் லைட்டும் அப்டித்தான் தெரியும்பா" என்றார்.

அந்தக் கப்பல் விளக்குகளுக்கு மேலே, கிழக்கில் இன்னொரு விளக்கு ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்சம் சிவப்பு. திருவாதிரை. ஆங்கிலத்தில் பீட்டல்ஜூஸ் என்பார்கள். அண்ணன் சொன்ன சிக்கல் அதற்கும் அப்படியே பொருந்தும். உலகத்தின் மிகப் பெரிய தொலைநோக்கிகளை வைத்துக்கொண்டு நூறு வருடத்துக்கு மேலாக அளக்கிறார்கள். அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

கண்டுபிடிப்பது சுலபம். மார்கழி, தை மாதங்களில் கிழக்கே மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக, ஒன்றன் மேல் ஒன்று அடுக்கினாற்போல எழும். அந்த மூன்றுக்கும் இடப்பக்கம் சிவப்பாக இருப்பது திருவாதிரை, வலப்பக்கம் நீலம் கலந்த வெள்ளையாக இருப்பது ரைஜல். மணலிப் பக்கத்து ஆரஞ்சு வானம், துறைமுகத்து விளக்குக் கம்பங்கள் எல்லாவற்றையும் மீறி எங்கள் தண்டையார்பேட்டை மொட்டை மாடியிலிருந்து தெரிகிற சில நட்சத்திரங்களில் இவை இரண்டும் உண்டு. மார்கழி முழுநிலா திருவாதிரைக்குப் பக்கத்தில் நிற்கும் நாளில்தான் ஆருத்ரா தரிசனம். 'திருவாதிரைக்கு ஒரு வாய்க் களி' என்பார்களே, அதே நாள். களியை ஞாபகத்தில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

முதலில் எளிதாக அளக்கக்கூடியவற்றைப் பார்த்துவிடலாம். எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதை அளக்கும் முறை மிகப் பழையது. கிரேக்கர்கள் காலத்திலிருந்தே, நன்றாகத் தெரிவது முதல் தரம், கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் இருப்பது ஆறாம் தரம். 1856-ல் நார்மன் போக்சன் என்ற வானியலாளர் இதற்கு ஒரு கணக்கு கொடுத்தார்: ஐந்து தரம் இறங்கினால் வெளிச்சம் சரியாக நூறில் ஒரு பங்கு. அப்படியானால் ஒரு தரத்துக்கு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அவர் பிறகு 1861-ல் மெட்ராஸ் வானாய்வகத்துக்கு வந்து, 1891-ல் இறக்கும் வரை இங்கேதான் வேலை பார்த்தார். ஆனால் வானாய்வகம் இருந்தது நுங்கம்பாக்கத்தில். வடசென்னைக்காரர்கள் உரிமை கொண்டாட முடியாது.

போக்சன் கணக்கில் திருவாதிரை வழக்கமாக 0.5-ஐ ஒட்டி இருக்கும். கூடும், குறையும். 2020 பிப்ரவரியில் 1.6 வரை இறங்கியது, அதாவது வழக்கமான வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிச்சம். வெறும் கண்ணுக்கே தெரிந்தது. வழக்கமாக ரோகிணியைவிடப் பளிச்சென்று இருப்பது, அப்போது ரோகிணியிடம் தோற்றுப்போய் நின்றது. நாளைக்கே வெடிக்கப்போகிறது என்று செய்திகள் கிளம்பின. வெடிக்கவில்லை. நட்சத்திரம் கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி நமக்கும் அதற்கும் நடுவே வந்து மறைத்ததுதான் காரணம் என்பது அடுத்த வருடம் வெளியான ஆய்வின் முடிவு. வெடிக்கும், ஆனால் அதற்கு ஒரு லட்சம் வருடம் வரைகூட ஆகலாம்.

அடுத்தது வெப்பம். இதற்கும் தூரம் தெரிய வேண்டியதில்லை, நிறம் போதும். பட்டறையில் இரும்பைக் காய்ச்சுகிறவருக்குத் தெர்மாமீட்டர் எதற்கு? சிவந்தால் ஒரு சூடு, மஞ்சளானால் அதைவிட, வெளுத்தால் அதற்கும் மேல். நட்சத்திரமும் அப்படித்தான். திருவாதிரையின் ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பார்த்தால் டைட்டானியம் ஆக்சைடு என்ற மூலக்கூறு விழுங்கிய கறுப்புப் பட்டைகள் தெரிகின்றன. சூடு அதிகமான நட்சத்திரத்தில் அந்த மூலக்கூறு உடைந்து சிதறிவிடும். பட்டைகள் எவ்வளவு அழுத்தமாக இருக்கின்றன என்பதை வைத்து மேற்பரப்பு வெப்பம் சுமார் 3,600 கெல்வின் என்கிறார்கள். சூரியன் 5,772. ஒரே அளவு பரப்பை எடுத்துக்கொண்டால், திருவாதிரை சூரியனைவிட ஏழில் ஒரு பங்கு ஆற்றலைத்தான் வெளிவிடுகிறது. அப்படி மங்கலான மேற்பரப்பை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரத்திலிருந்தும் இப்படித் தெரிகிறதென்றால் அது பிரம்மாண்டமாக இருந்தாக வேண்டும்.

எவ்வளவு பெரிது? இங்கேதான் 1920 டிசம்பர் 13 வருகிறது.

அன்று இரவு கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில், அப்போதைய உலகின் மிகப் பெரிய தொலைநோக்கியின் தலையில் ஆறு மீட்டர் இரும்பு உத்தரம் ஒன்று குறுக்கே கட்டப்பட்டிருந்தது. யோசனை ஆல்பர்ட் மைக்கல்சனுடையது, அளந்தவர் பிரான்சிஸ் பீஸ். உத்தரத்தில் தள்ளித் தள்ளி வைத்த இரண்டு கண்ணாடிகள் ஒரே நட்சத்திரத்தின் ஒளியைப் பிடித்து ஓரிடத்தில் சேர்த்தன. ஒளி அலைதானே? அலையைத் தடுக்கக் கொட்டிய அலைக்கல்லில் இரண்டு இடைவெளி இருந்தால் இரண்டின் வழியாகவும் வருகிற அலைகள் உள்ளே மோதிக்கொள்ளும். மேடும் மேடும் சேர்ந்த இடத்தில் பொங்கும், மேடும் பள்ளமும் சேர்ந்த இடத்தில் அடங்கும். அதேபோல இரண்டு கண்ணாடியின் ஒளியும் சேர்ந்த இடத்தில் வெளிச்சமும் இருட்டுமாகக் கோடுகள் விழும்.

நட்சத்திரம் வெறும் புள்ளியாக இருந்தால் கண்ணாடிகளை எவ்வளவு தள்ளி வைத்தாலும் கோடுகள் இருக்கும். அகலம் கொண்ட வட்டமாக இருந்தால் கதை வேறு. வட்டத்தின் இடது ஓரம் ஒரு கோட்டு வரிசையை உண்டாக்கும், வலது ஓரம் சற்று நகர்ந்த இன்னொரு வரிசையை உண்டாக்கும். கண்ணாடிகளைத் தள்ளத் தள்ள அந்த நகர்வு கூடும். ஒரு கட்டத்தில் ஒன்றின் வெளிச்சம் இன்னொன்றின் இருட்டில் விழுந்து கோடுகளே அழிந்துபோகும். பீஸுக்கு அவை அழிந்தது, கண்ணாடிகளின் இடைவெளி ஏறக்குறைய மூன்று மீட்டர் ஆனபோது. அதிலிருந்து கணக்குப் போட்டால் திருவாதிரையின் அகலம் 0.047 கோண வினாடி. சூரியனைத் தவிர வேறொரு நட்சத்திரத்தின் வட்டத்தை மனிதன் அளந்தது அதுவே முதல் முறை. கோடுகள் காணாமல்போவதை அளந்து ஒரு நட்சத்திரத்தின் பருமனைச் சொல்வது என்ன துணிச்சல் என்று எனக்கு இன்றும் தோன்றும்.

ஒரு டிகிரியை 3,600 துண்டாக்கினால் ஒரு துண்டு ஒரு கோண வினாடி. பிற்காலத்து அளவுகள் திருவாதிரைக்குச் சுமார் 0.042 கொடுக்கின்றன. கும்மிடிப்பூண்டி, சூளூர்ப்பேட்டை எல்லாம் தாண்டிக் கூடூரில் ஒருவர் இரண்டரை சென்டிமீட்டர் அகல நாணயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ராயபுரத்திலிருந்து பார்த்தால் அந்த நாணயம் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, அவ்வளவு.

ஆனால் இது கோணம்தான், கிலோமீட்டர் இல்லை. கோணத்தைக் கிலோமீட்டராக மாற்ற வேண்டுமென்றால், மறுபடி அண்ணனின் கேள்விக்கே வர வேண்டும்: எவ்வளவு தூரத்தில் நிற்கிறது?

1920-ல் அதைச் சுமார் 180 ஒளியாண்டு என்று வைத்துக்கொண்டார்கள். (ஒளி ஒரு வருடத்தில் கடக்கிற தூரம்தான் ஓர் ஒளியாண்டு.) அதனால் திருவாதிரையின் விட்டம் செவ்வாயின் சுற்றுப்பாதையைவிடச் சற்றுக் குறைவாக வந்தது. அப்போதே அது ஆச்சரியமான பெரிது. தூரம்தான் தப்பு.

தூரம் அளக்க வழக்கமான வழி இடமாறு தோற்றம். கரையில் ஓரிடத்தில் நின்று ஒரு கப்பல் விளக்கு அடிவானத்தில் எங்கே தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கரையோரமாகவே கொஞ்ச தூரம் நடந்து மறுபடி பாருங்கள். கிட்டே இருக்கும் விளக்கு நிறைய நகர்ந்திருக்கும், தூரத்து விளக்கு அசைந்திருக்காது. நகர்ந்த கோணமும் நடந்த தூரமும் தெரிந்தால் மீதி பள்ளிக்கூடத்து முக்கோணக் கணக்கு. வானியலாளர்கள் நடப்பதற்குப் பதிலாகப் பூமி நடக்கிறது. ஜனவரியில் ஒரு பக்கம், ஜூலையில் சூரியனுக்கு அந்தப் பக்கம். இடையே 30 கோடி கிலோமீட்டர்.

சிரியஸ் என்ற நட்சத்திரத்துக்கு இது அருமையாக வேலை செய்கிறது: 8.6 ஒளியாண்டு, சந்தேகமே இல்லை. திருவாதிரையிடம் போனால் மாட்டிக்கொள்கிறோம். காரணம் இதுதான்: நாம் நடக்கிற 30 கோடி கிலோமீட்டரைவிட அந்த நட்சத்திரமே மூன்று மடங்குக்கு மேல் அகலம். நடந்த தூரத்தைவிட நீளமான ஒரு கப்பல், அதில் எந்த விளக்கைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் அதன் தூரத்தைக் கணிப்பது போன்ற வேலை இது. வருடம் முழுக்க அது வானத்தில் ஆடும் ஆட்டம் அதன் சொந்த அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அது மட்டும் என்றாலும் சமாளித்துவிடலாம். இப்போது களிக்கு வருவோம். அடுப்பில் கெட்டியாகிற களியில் பெரிய பெரிய கொப்புளம் எழும்பி 'பொதக்' என்று அடங்குமே, திருவாதிரையின் மேற்பரப்பு அப்படி. சூரியனிலும் கொப்புளங்கள் உண்டு, ஒவ்வொன்றும் ஆயிரம் கிலோமீட்டர்போல. லட்சக்கணக்கில் இருப்பதால் ஒன்றோடொன்று சமன்செய்துகொள்ளும். திருவாதிரையிலோ சில கொப்புளங்களே நட்சத்திரத்தின் பெரும் பகுதியை அடைத்துக்கொள்கின்றன. ஒரு பக்கம் சூடான கொப்புளம் கிளம்பினால் வெளிச்சத்தின் மையமே அந்தப் பக்கம் சாயும். நட்சத்திரம் நகர்ந்ததா, கொப்புளம் நகர்ந்ததா என்று பிரித்துச் சொல்வது பெரும்பாடு. நூறு கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களை அளந்த கையா விண்கலமும் இங்கே உதவவில்லை. அதன் கருவிகளுக்குத் திருவாதிரை அளவுக்கு மீறிய வெளிச்சம்!

விளைவு, ஆளுக்கொரு தூரம். ஹிப்பார்க்கோஸ் விண்கலத்தின் 1997 முடிவு சுமார் 430 ஒளியாண்டு. அதே தரவை 2007-ல் திருத்திக் கணக்கிட்டபோது 500-ஐ நெருங்கியது. ரேடியோ அளவுகளையும் சேர்த்து 2008-ல் 640 என்றார்கள், 2017-ல் 720 என்றார்கள். 2020-ல் வேறொரு குழு, நட்சத்திரம் 400 நாள்போல ஒரு முறை விரிந்து சுருங்கும் துடிப்பைக் கணினி மாதிரிகளோடு ஒப்பிட்டு, 550 என்றது.

இந்த எண் மாறினால் எல்லாமே மாறும். 430 என்றால் திருவாதிரையின் ஆரம் சூரியனைப்போல் சுமார் 590 மடங்கு, 550 என்றால் 760, 720 என்றால் ஆயிரம். முதல் கணக்கில் அதைக் கொண்டுவந்து சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் செவ்வாயை விழுங்கிச் சிறுகோள் கூட்டத்துக்குள் போய் நிற்கும், கடைசிக் கணக்கில் வியாழனின் பாதையைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. வெளிவிடும் ஆற்றல் தூரத்தின் இருமடியோடு கூடுவதால் அங்கே வித்தியாசம் இன்னும் பெரிது: சூரியனைப்போல் ஐம்பதாயிரம் மடங்கா, ஒன்றரை லட்சம் மடங்கா? 'திருவாதிரை சூரியனைவிட இத்தனை மடங்கு பெரிது' என்று எங்காவது அடித்துச் சொல்லியிருந்தால், எந்தத் தூரத்தை வைத்து என்று நான் முதலில் தேடுவது இதனால்தான்.

இன்று நம் கண்ணில் படுகிற ஒளி அங்கிருந்து எப்போது கிளம்பியது என்பதும் இதேபோல ஊசலாடுகிறது. ஒரு கணக்கில் 1600 வாக்கில். இன்னொன்றில் மதுரையில் பாண்டியர்கள் ஆண்டுகொண்டிருந்தபோது. எந்தக் கணக்கை எடுத்தாலும் 1639-ல் மெட்ராஸ் உருவாவதற்கு முன்பே அது புறப்பட்டுவிட்டது.

இப்போது ஒரு புதிய வழி தென்படுகிறது. ஹவாயில் உள்ள ஜெமினி வடக்கு தொலைநோக்கி, திருவாதிரையை ஒட்டினாற்போல ஒரு மங்கலான புள்ளியைப் படம் பிடித்திருப்பதாக 2025-ல் அறிவித்தார்கள். ஏறக்குறைய ஆறு வருடத்துக்கு ஒரு முறை திருவாதிரையைச் சுற்றிவரும் துணை நட்சத்திரமாக அது இருக்கலாம். உறுதியானால் நாம் நடக்கவே வேண்டாம். துணையின் வேகத்தை ஒளியின் நிற மாற்றத்திலிருந்து அளந்தால் சுற்றுப்பாதையின் அளவு கிலோமீட்டரிலேயே வரும். வானத்தில் அந்தப் பாதை எவ்வளவு கோணத்துக்குத் தெரிகிறது என்பதோடு அதைச் சேர்த்தால் தூரம் வந்துவிடும், கூடவே எடையும். துணை மறுபடியும் திருவாதிரையிலிருந்து விலகித் தெரிவது 2027 நவம்பர் வாக்கில் என்கிறார்கள். அந்த மாத நடுவில் திருவாதிரை காசிமேட்டுக் கடலுக்கு மேலே இரவு எட்டரை மணிக்குள் வந்துவிடும்.