சிபில் அறிக்கையில் நிற்கும் பழைய கடன்: விதிகள் சொல்வது என்ன?

குறுவைக்கு நாற்று விடும் நாள்களில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் வங்கிக் கிளைகளில் அடிக்கடி காதில் விழும் பதில் ஒன்று உண்டு: "உங்கள் பெயரில் பழைய பாக்கி நிற்கிறது, சிபில் சரியில்லை." சிபில் என்பது ஒருவர் வாங்கிய கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் பதிந்து வைக்கும் நிறுவனம்; புதுக் கடன் கேட்கும்போது வங்கி பார்ப்பது அதன் அறிக்கையை. கேட்டவர், "அதுதான் தள்ளுபடி ஆகிவிட்டதே" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு ஏற்பாடுகளை நாம் 'தள்ளுபடி' என்ற ஒரே சொல்லால் குறிப்பதால் வரும் வினை இது.

அரசு ஒரு கடனைத் தள்ளுபடி செய்தால் கடன்பட்டவரின் பொறுப்பு தீர்கிறது. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு அறிவித்த 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி அத்தகையது. ஆனால் அது கூட்டுறவு நிறுவனங்களில் 16.43 லட்சம் விவசாயிகள் பெற்றிருந்த பயிர்க்கடனுக்கு மட்டுமே உரியது. அதே விவசாயி வணிக வங்கியில் வாங்கிய டிராக்டர் கடனோ, மகனின் கல்விக்கடனோ அதில் சேராது. வங்கி செய்யும் 'ரைட் ஆஃப்' முற்றிலும் வேறு. நெடுங்காலம் வராத கடனை வங்கி தன் கணக்கேட்டிலிருந்து எழுதிக்கழிக்கிறது. இது வங்கிக்கும் அதன் கணக்குக்கும் இடையிலான ஏற்பாடு. கடன்பட்டவர் தர வேண்டியதில் ஒரு ரூபாய்கூட இதனால் குறையாது, வசூலிக்கும் உரிமையும் போகாது. செய்தித் தலைப்புகளில் இதுவும் 'கடன் தள்ளுபடி' என்றே வருவதால், தன் கடனும் அப்படிப் போயிருக்கும் என்று நம்பியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

ஆகவே யாரிடமும் பணம் கட்டுவதற்கு முன், எதிலும் கையெழுத்திடுவதற்கு முன், அறிக்கையை எடுத்துப் பார்ப்பதே முதல் வேலை. 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டப்படி இத்தகைய பதிவுகளை வைத்திருக்கும் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹை மார்க். கடனைக் கட்டிய விதத்துக்கான மதிப்பெண்ணுடன் கூடிய முழு அறிக்கையை ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு நிறுவனமும் இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. 2017 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. இதற்கென்று யாருக்கும் கட்டணம் கொடுக்கத் தேவையில்லை.

வேதாரண்யம் பக்கம் தென்னை வைத்திருந்த ஒருவர் எடுத்துவந்த அறிக்கை நினைவில் நிற்கிறது. இருசக்கர வாகனக் கடன். மாதத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் மூன்று இலக்கம். 2018 அக்டோபர் வரை 000, அதாவது தவணை ஒரு நாளும் தவறவில்லை. கஜா புயல் நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்தது. டிசம்பர் கட்டத்தில் 030, ஜனவரியில் 060, அடுத்து 090. அவை எத்தனை நாள் பாக்கி என்பதன் கணக்கு. கடைசியில் 'எழுதிக்கழிக்கப்பட்டது' என்ற குறிப்பு. மரம் சாய்ந்த கதைக்கு அந்த அறிக்கையில் கட்டம் கிடையாது. தம் கடன் மட்டுமல்லாமல், ஜாமீன் கையெழுத்திட்ட கடனும், பிள்ளையின் கல்விக்கடனில் இணைக்கடனாளியாகப் போட்ட கையெழுத்தும் இதே அறிக்கையில் வரும் என்பதைப் பலர் அப்போதுதான் அறிகிறார்கள்.

பார்த்த பதிவு தவறானது என்றால், எடுத்துக்காட்டாகக் கட்டி முடித்த கடன் பாக்கியாகவே நின்றால், அல்லது பெயர் ஒற்றுமையால் அடுத்தவர் கடன் ஏறியிருந்தால், கடன் தகவல் நிறுவனத்திடமோ கடன் கொடுத்த வங்கியிடமோ கட்டணமின்றிப் புகார் செய்யலாம். வங்கி உறுதிசெய்யாமல் கடன் தகவல் நிறுவனம் தானாக எதையும் மாற்ற முடியாது என்பதால் இருவருக்கும் எழுதுவது நல்லது. ரசீதும் கடன் இல்லாச் சான்றும் நகலாக இணைக்கப்பட வேண்டும். புகார் அளித்த 30 நாள்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், அதன் பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இவ்விதி 2024 ஏப்ரல் 26 முதல் அமலில் இருக்கிறது. கிளைகளில் இதை யாரும் தாமாகச் சொல்வதில்லை, கேட்டுத்தான் பெற வேண்டியிருக்கிறது.

பதிவு உண்மையானது என்றால் அதை அழித்துத் தருவதாகச் சொல்பவர் எவரையும் நம்பக்கூடாது. ஏழு ஆண்டு போனால் தானாக மறைந்துவிடும் என்ற பேச்சும் பாதி உண்மைதான்: குறைந்தது 7 ஆண்டுகள் தகவலை வைத்திருக்க வேண்டும் என்பதே விதி. உள்ள வழி, கடனை முடிப்பது. அதில் இரு வகை உண்டு. முழுத் தொகையும் கட்டினால் கணக்கு 'முடிந்தது' என்று பதியப்படும். பேரம் பேசிக் குறைந்த தொகைக்கு முடித்தால் 'செட்டில்டு' என்று பதியப்படும். அடுத்துக் கடன் கேட்கும் இடத்தில் இது ஒரு குறையாகவே பார்க்கப்படும். வட்டி ஏறி அசலை விழுங்கிய கடனில், சேமிப்பு அனைத்தையும் வழித்துக்கொடுத்து 'முடிந்தது' என்ற சொல்லை வாங்குவதைவிட, செட்டில்மென்ட் செய்துகொள்வதே மேல் என்பது என் கருத்து. எதுவானாலும் தொகையும் தேதியும் குறித்த கடிதத்தை வங்கியின் முத்திரையுடன் முதலில் பெற்று, பணத்தைக் கடன் கணக்கிலேயே செலுத்த வேண்டும். வசூல் ஏஜென்டின் கைபேசி எண்ணுக்கு அனுப்பக்கூடாது. வராக்கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கி வசூலிக்கும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்குக் கடன் விற்கப்பட்டிருந்தால் அந்த மாற்றத்துக்கான கடிதத்தையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

காலவரம்பு என்பது தனிக் கணக்கு. அடமானம் இல்லாத கடனுக்கு வங்கி வழக்குத் தொடர 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் பொதுவாக 3 ஆண்டுகள் தருகிறது. நிலத்தை அடமானம் வைத்த கடனுக்கு அது 12 ஆண்டுகள். வரம்பு கடந்தால் வழக்குத்தான் போகும், கடன் போகாது, அறிக்கைப் பதிவும் போகாது. வரம்புக்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால் அந்த நாளிலிருந்து காலம் புதிதாக எண்ணப்படும். வரம்பு கடந்த கடனுக்கும், கட்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி அது மறுபடி வழக்குக்கு உரியதாகும். "சும்மா ஒரு கையெழுத்து" என்று வீட்டு வாசலில் நீட்டப்படும் தாளை அதனால்தான் படித்துப் பார்க்க வேண்டும்.

வாசலுக்கு வருவதற்கும் நேரம் உண்டு. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக்கூடாது. மகளிர் குழுக்கள் வாங்கும் நுண்கடனுக்கு இது காலை 9 முதல் மாலை 6 வரை. மீறினாலோ, திருத்தப் புகாருக்கு 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பர் முதல் இதன் வரம்புக்குள் வந்துவிட்டன. விவரம் கேட்க 14448 என்ற எண் உண்டு. முதலில் வங்கிக்கு எழுதிய புகாரின் நகல் இல்லாமல் போனால் மனு அங்கேயே தள்ளப்படக்கூடும் என்பதால், கிளையில் மனுக் கொடுக்கும்போது மறு நகலில் தேதியுடன் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.