பூட்டன் பெயர் கணக்கெடுப்பில் இல்லை, முன் ஆதாரத்தில் இருக்கிறது

நாகர்கோவிலில் ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், எழுதும் தொழிலில் முப்பது வருடம் தாண்டிவிட்டேன். பட்டா, பாகப்பிரிவினை என்று வருகிறவர்கள் இப்போது இன்னொன்றும் கேட்கிறார்கள்: “அண்ணாச்சி, எங்க பூட்டன் பெயரை 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எடுக்க முடியுமா?”

முடியாது. திருவிதாங்கூரில் 1875-ல் நாகம் அய்யா நடத்திய கணக்கெடுப்பு 23,11,379 பேரை எண்ணியது. அந்த அறிக்கையிலும் பிறகு வந்தவற்றிலும் தாலுகாவாரியாகத் தலைக்கணக்கு, சாதி, மதம் எல்லாம் கிடைக்கும். வீடு வீடாக ஆள் பெயர் கிடைக்காது. போதாததற்கு, 1948-ம் வருடக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-வது பிரிவு தனிநபர் விவரங்களை யாரும் பார்வையிடக் கூடாது என்கிறது. சிவில் வழக்கில் சாட்சியமாகவும் அவை செல்லாது. இங்கிலாந்தில் நூறு வருடம் கழித்துத் திறந்துவிடுகிறார்கள் என்பது உண்மை. இங்கே அந்த வழக்கம் இல்லை. எடுத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

பூட்டன் கிடப்பது நிலத்தில். உங்கள் கையிலுள்ள ஆதாரத்தில் ‘முன் ஆதாரம்’ என்றொரு வரி இருக்கும்: எண், வருடம், எந்த சார்பதிவாளர் அலுவலகம். அதைப் பிடித்துக்கொண்டு அதற்கு முந்தையதை எடுங்கள். அதில் இன்னொரு முன் ஆதாரம் இருக்கும். வில்லங்கச் சான்று ஆன்லைனில் ஒரு குறிப்பிட்ட வருடம் வரைக்கும்தான் போகும். அதற்கு முன்னால் வேண்டுமென்றால் அலுவலகத்தில் மனு கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். சர்வே எண்ணை மட்டும் நம்பிப் போகாதீர்கள், மறு அளவையில் எண் மாறியிருக்கும். விளையின் (நிலத்துண்டின்) பெயர் அவ்வளவு லேசில் மாறாது. வீட்டில் வயதானவர்களிடம் முதலில் விளைப் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

1956 நவம்பர் 1-ல்தான் நம் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலம்) சேர்ந்தது. அதற்கு முந்தைய ஆதாரங்களில் மலையாள நாட்டுக் காலக்கணக்கான கொல்லம் ஆண்டு இருக்கும். ஆங்கில வருடம் காண எல்லாரும் 825-ஐக் கூட்டிவிடுகிறார்கள். ஆவணியில் பிறக்கும் ஆண்டு அது. ஆவணி முதல் மார்கழி பாதி வரை 824, அதன் பிறகுதான் 825. 1098 ஆவணி என்றால் 1922. அதே 1098 சித்திரை 1923. கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பழைய ஆதாரங்கள் பலவும் மலையாளத்தில் இருக்கும். படிக்கத் தெரியவில்லை என்று அவற்றை வீட்டில் எரித்துவிட்டதாகச் சொல்லும்போது எனக்கு வயிறு எரியும். கிறிஸ்தவக் குடும்பமென்றால் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் பாருங்கள். மதம் மாறுவதற்கு முந்தைய பெயர் அங்கே இருக்க வாய்ப்புண்டு.

தோவாளைப் பக்கமிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் கோபத்தோடு வந்தார்கள். பாட்டா அனுபவித்த நிலத்தின் 1098-ம் ஆண்டு விலையாதாரத்தில் பாட்டாவின் அப்பா பெயரைக் காணோம், சம்பந்தமில்லாத வேறொருவர் பெயர் கிடக்கிறது, யாரோ ஏமாற்றிவிட்டார்கள், வழக்குப் போட வேண்டும் என்றார்கள். “நீங்க நாஞ்சில் நாட்டு வேளாளரா?” என்று கேட்டேன். ஆமாம் என்றார்கள். 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வரும்வரை அங்கே மருமக்கள் வழிதான், சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். சொத்து காரணவர் பெயரில் இருக்கும். காரணவர் என்றால் தாய்வழிக் குடும்பத்தின் மூத்த ஆண், பெரும்பாலும் தாய்மாமன். அந்த ‘வேறொருவர்’ பாட்டாவின் மாமனாக இருக்கலாம் என்று சொல்லி, நான்கெல்லையைப் படித்தேன். எல்லையைப் பலரும் படிக்காமல் தள்ளிவிடுவார்கள். அந்தக் காலத்தில் பக்கத்து நிலம் பெரும்பாலும் சொந்தக்காரர்களுடையதுதான், அதனால் உறவுமுறையும் சேர்த்தே எழுதுவார்கள்.

தெற்கு வாய்க்கால், மேற்கு நடைபாதை. கிழக்கில் ‘மேற்படியாரின் சகோதரி’ என்று போட்டு, ஒரு பெண் பெயர், அவளுடைய புரையிடம் (வீட்டு மனை).

அந்த மாமனின் சகோதரி என்றால் பாட்டாவைப் பெற்றவள். வீட்டில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கவில்லை. “இன்னொரு தடவை வாசிங்க அண்ணாச்சி” என்றார் மூத்தவர். வாசித்தேன். வழக்குப் பேச்சு அதோடு நின்றது. அடுத்த வாரம் அந்தக் கிழக்குப் புரையிடத்தின் ஆதார நகலுக்கு இருவரும் சேர்ந்து மனு கொடுத்தார்கள்.