ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொண்டு வராதீர்கள்

“ஓடுதான்னு ஒரு தடவை பாத்துட்டுத்தாங்க எடுத்துட்டு வந்தேன்.”

பழைய பொம்மை ரயில்களைச் சீர்செய்வது என் தொழில். என்னிடம் வரும் பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வாக்கியத்தோடுதான் வருகின்றன. போன வாரம் வந்ததும் அப்படித்தான். 1950களில் அமெரிக்காவில் செய்த செட். என்ஜின், நான்கு பெட்டிகள், வட்டத் தண்டவாளம், கறுப்பு டிரான்ஸ்ஃபார்மர், எல்லாம் அசல் அட்டைப்பெட்டியோடு. வாங்கியவர் ஒரு தாத்தா. பழைய சாமான்களுக்கு நடுவில் கண்டெடுத்து, வீட்டில் தரையில் விரித்து, பிளக் பொருந்தாததால் ஒரு அடாப்டரை மாட்டி, சுவிட்சைப் போட்டிருக்கிறார். என்ஜின் விருட்டென்று ஒரு முழம் ஓடியது. முகப்பு விளக்கு பளிச்சென்று எரிந்து அணைந்தது. அப்புறம் புகை. ரயில் வருவதைக் கண்மட்டத்தில் பார்க்க வேண்டும் என்று பேத்தி தண்டவாளத்தை ஒட்டிக் குப்புறப் படுத்திருந்தாள்.

நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒரே மாதத்தில் இப்படி வந்த மூன்றாவது செட் இது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்ட் வீட்டு மின்சாரத்துக்காகச் செய்தது. அவர் மாட்டியது 230 வோல்ட்டில். அடாப்டர் பிளக்கின் காலை மாற்றுமே தவிர வோல்ட்டை மாற்றாது. உள்ளே போனது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்றால் தண்டவாளத்துக்கு வந்ததும் இரண்டு மடங்குதான். அடிப்பக்கத் தகட்டில் எத்தனை வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. படித்துப் பார்க்க அரை நிமிடம் போதும்.

சரி, வோல்ட் பொருந்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மாட்டாதீர்கள். இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. “பன்னிரண்டு, பதினெட்டு வோல்ட் பொம்மைதானே, என்ன ஆகிவிடும்?” என்கிறார்கள். பதினெட்டு வோல்ட் என்பது டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் இருப்பது உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் அதே மின்சாரம். இரண்டையும் பிரித்து வைத்திருப்பது சுருளுக்கு நடுவில் சுற்றிய காகிதமும், கம்பிமேல் பூசிய வார்னிஷும், ஒயர்மேல் இருக்கும் ரப்பரும்தான். எழுபது வருஷத்துக் காகிதம், எழுபது வருஷத்து ரப்பர். அது ஓரிடத்தில் விட்டுப்போனால் சுவர் மின்சாரம் நேராகத் தண்டவாளத்துக்கு வந்துவிடும். பெயின்ட் பூசாத வெறும் உலோகத் தண்டவாளம், தரையில், குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில். ஆக, ‘பொம்மைதானே’ என்ற சமாதானம் அந்த இன்சுலேஷன் உயிரோடு இருக்கும்வரைதான் செல்லும். அது உயிரோடு இருக்கிறதா என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ரயில் ஓடுகிறது என்பதும் அதற்குச் சாட்சி இல்லை. இன்சுலேஷன் செத்த டிரான்ஸ்ஃபார்மரிலும் ரயில் அழகாக ஓடும்.

இன்னும் பழைய சரக்கும் உண்டு. 1920கள்வரை ஐரோப்பாவில் வந்த சில மின்சார ரயில்களுக்கு டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. ஒரு மின்விளக்கைத் தடையாக நடுவில் வைத்து, வீட்டு மின்சாரத்தையே தண்டவாளத்துக்குக் கொடுத்தார்கள். அந்த மாதிரி ஒன்று கைக்கு வந்தால் கண்ணாடி அலமாரியில் வையுங்கள். மின்சாரம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

தாத்தா கொண்டு வந்த டிரான்ஸ்ஃபார்மரின் ஒயரை அவர் கண்முன்னாலேயே மடக்கிக் காட்டினேன். பெட்டிக்குள் நுழையும் இடத்தில் லேசாக வளைத்ததும் ரப்பர் காய்ந்த சருகு மாதிரி நொறுங்கி மேசைமேல் விழுந்தது. உள்ளே செம்புக் கம்பி பளபளத்தது. “இதையா பிடிச்சு இழுத்தேன்?” என்று கேட்டார். அதைத்தான் பிடித்து இழுத்திருந்தார்.

எழுபது வயது டிரான்ஸ்ஃபார்மரை மெகர் என்ற இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர் வைத்துச் சோதித்து, ஒயர் மாற்றிப் பயன்படுத்தலாம்தான். தெரிந்தவர்கள் செய்கிறார்கள். வீட்டில் குழந்தை இருக்கிறது என்றால் நான் செய்து கொடுப்பதில்லை. பழையதைக் காட்சிக்கு வைத்துக்கொண்டு, பாதுகாப்புச் சான்றுள்ள புது மின்சப்ளை ஒன்றை வாங்குங்கள். வாங்கும்போது ஏ.சி.யா (திசை மாறி மாறி வரும் மின்சாரம்) டி.சி.யா (ஒரே திசையில் வருவது) என்று கேளுங்கள். அமெரிக்க லயனல், ஜெர்மன் மார்க்லின் கம்பெனிகளின் பழைய ரயில்கள் ஏ.சி.யில் ஓடுபவை. 1938இல் வந்த பிரிட்டிஷ் ஹார்ன்பி டப்ளோ ரயில் 12 வோல்ட் டி.சி.யில் ஓடுவது. டி.சி. என்ஜினுக்கு ஏ.சி. கொடுத்தால் நகராது, நின்ற இடத்திலேயே உறுமிச் சூடாகிக் கருகும். இன்னொன்று: 220 வோல்ட் காலத்து மார்க்லின் டிரான்ஸ்ஃபார்மரை இன்றைய 230இல் மாட்டி, புது டிஜிட்டல் என்ஜினை ஓட்டாதீர்கள். திசை மாற்ற டிரான்ஸ்ஃபார்மர் ஒரு கணம் அனுப்பும் கூடுதல் வோல்ட் தட்டில், அதுவும் அளவுக்கு மீறி வருவதால், என்ஜினுக்குள்ளே இருக்கும் சர்க்யூட் போய்விடும்.

எண்ணெய்க்கு வருவோம். பல வருஷம் அடைந்து கிடந்த என்ஜினில் பழைய கிரீஸ் பிசினாக இறுகியிருக்கும். அதன்மேல் ஸ்ப்ரேயைப் பீய்ச்சுகிறார்கள். கொஞ்ச நேரம் ஓடும், உண்மைதான். கரைந்த அழுக்கெல்லாம் கம்யூட்டேட்டருக்கு (சுழலும் சுருளுக்கு மின்சாரம் வாங்கிக் கொடுக்கும் செம்புத் துண்டுகள்) போய், அதை உரசும் பிரஷ்ஷின் கரித்தூளோடு சேர்ந்து குழம்பாகி, அங்கேயே ஷார்ட் ஆகும். கழற்றுங்கள், பழைய கிரீஸைத் துடைத்தெடுங்கள், பிறகு அச்சுக்கு ஊசிமுனையில் ஒரு சொட்டு. கம்யூட்டேட்டரில் ஒரு சொட்டுகூடக் கூடாது.

கழற்றுவதற்கு முன் ஒன்று. பழைய டி.சி. மோட்டார்களில் இருக்கும் குதிரை லாடக் காந்தத்திலிருந்து ஆர்மேச்சரை, அதாவது உள்ளே சுழலும் கம்பிச்சுருளை, உருவினால் காந்தம் அப்போதே பலவீனமாகும். உருவும்போதே ஓர் இரும்புத் துண்டை அந்த இடத்துக்குத் தள்ளிவிட வேண்டும். “சுத்தம் பண்ணின பிறகு முன்னைவிட மெதுவாப் போகுது” என்று வருகிறவர்களில் பலருடைய கதை இதுதான். தண்டவாளத்தைத் தேய்க்க இரும்பு நார் எடுக்காதீர்கள். உதிரும் நுண்ணிழைகளை மோட்டார் காந்தம் இழுத்துக்கொள்ளும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி போதும்.

சாவி கொடுக்கும் ரயிலில் மின்சாரம் இல்லையே, பயமில்லையே என்பார்கள். முறுக்கு ஏறிய நிலையில் பக்கத் தகட்டின் திருகைக் கழற்றிவிட்டுக் கையைக் கிழித்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். முறுக்கு முழுக்க இறங்கிய பிறகுதான் திருப்புளியைத் தொட வேண்டும்.

வாங்கும் இடத்தில் பார்க்க வேண்டியது பளபளப்பை அல்ல. என்ஜினைத் தலைகீழாகப் பிடித்து வார்ப்பு உலோகத்தைப் பாருங்கள். முடிபோன்ற வெடிப்பு, சக்கரத்தில் உப்பல், நேராக இருக்க வேண்டிய சட்டத்தில் வளைவு தெரிகிறதா? 1920, 30களின் துத்தநாக வார்ப்புகளில் ஈயம் போன்ற அசுத்தம் கொஞ்சம் கலந்திருந்தாலும், வருஷங்கள் போகப் போக உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, வீங்கி, உதிரும். ஈரப்பதம் அதை வேகப்படுத்தும். இதற்கு மருந்து கிடையாது, புது வார்ப்புப் பாகம் போடுவதுதான் வழி. பக்கத்துப் பெட்டிக்குத் தொற்றிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், தொற்றாது. பசை ஊற்றி ஒட்டிவிட்டு என்னிடம் கொண்டு வர மட்டும் வேண்டாம், தயவுசெய்து. ஒட்டியதைப் பிரிக்கும்போது நல்ல பாகமும் சேர்ந்து உடைகிறது.

திருகின் தலைமேலேயே பெயின்ட் ஏறியிருந்தால் யாரோ புதுசாகப் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சேகரிப்பவர்கள் கீறலோடு இருக்கும் அசல் பெயின்ட்டைத்தான் தேடுகிறார்கள். அச்சிட்ட தகரப் பெட்டிகளில் நிறம் மெல்லிய படலம்தான். வெதுவெதுப்பான தண்ணீர், மிதமான சோப்பு, பஞ்சுக் குச்சி, முதலில் அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் சோதனை. ஊற வைக்கக் கூடாது. எழுத்தெல்லாம் தண்ணீரோடு போன ஒரு பெட்டியை இன்னும் என் அலமாரியில் வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்குக் காட்ட.

உப்புத்தாள் போடவே போடாதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா வீட்டு உபயோகப் பெயின்ட்டிலும் பொம்மைகளிலும் அதைத் தடை செய்ததே 1978இல்தான். தேய்த்தால் எழும் தூள் மூச்சோடு உள்ளே போகும், தரையில் படியும், தவழும் குழந்தையின் கையில் ஒட்டும். வாயில் வைக்கிற வயதுக் குழந்தைக்கு இந்த ரயில் விளையாட்டுப் பொருளே அல்ல. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது ஓட்டட்டும், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

உங்கள் கைக்கு ஒரு பழைய ரயில் வந்தால், கெஞ்சிக் கேட்கிறேன், எதையும் மாட்டாமல், முறுக்காமல், எண்ணெய் விடாமல், முதலில் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். கிழிந்த அட்டைப்பெட்டியையும் அதற்குள் கிடக்கும் காகிதத்தையும் தூக்கிப் போடாதீர்கள். பிறகு தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். தாத்தா அப்படிச் செய்திருந்தால் அரைமணி நேர வேலையோடு போயிருக்கும். இப்போது ஆர்மேச்சரையே திரும்பச் சுற்ற வேண்டியதாயிற்று.

நேற்று வந்து வாங்கிப் போனார்கள். புது சப்ளையில், குறைந்த வேகத்தில், மேசைமேல் இரண்டு சுற்று ஓட்டிக் காட்டினேன். பேத்தி மேசை விளிம்பில் முகவாயை வைத்துக்கொண்டு பார்த்தாள். என்ஜினைப் பெட்டியில் வைக்கும் வேலையை அவளிடமே கொடுத்தேன். வைத்து முடித்ததும், நான் சொல்வதற்கு முன்னாலேயே, தாத்தா அவளைக் கை கழுவக் கூட்டிக்கொண்டு போனார்.