எல்ஈடி பல்ப் போட்ட பிறகு சிக்னல் ஏன் படபடக்கிறது?

“பாஸ், நல்ல பல்ப்னு சொல்லித்தான் கடையில குடுத்தாங்க. மாட்டுனதுல இருந்து சிக்னல் படபடன்னு அடிக்குது.” ஹட்டன் பக்கத்தில் லொறி வயரிங் வேலை பார்க்கும் என்னிடம் அண்மைக் காலமாக அதிகம் வரும் முறைப்பாடு இதுதான். மரக்கறி லொறிக்காரரும் இதைச் சொல்கிறார், தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டுபவரும் இதையே சொல்கிறார். பலர் பல்பில்தான் பழுது என்று எண்ணி இன்னொரு சோடியையும் வாங்கி மாட்டிப் பார்த்து, அதுவும் அதே வேகத்தில் அடித்த பிறகே கராஜுக்கு வருகிறார்கள்.

டேஷ்போர்டுக்குள்ளிருந்து ‘டிக், டிக்’ என்று கேட்கிறதே, அந்தச் சத்தத்தை எழுப்பும் சிறிய பெட்டிதான் பிளாஷர். தன் வழியாக எவ்வளவு கரண்ட் போகிறது என்பதை அது எப்போதும் கவனித்துக்கொண்டிருக்கும். 24 வோல்ட் லொறியொன்றில் ஒரு பக்கத்துக்கு முன்னும் பின்னும் 21 வாட் இழைப் பல்புகள் இரண்டும், பக்கவாட்டில் 5 வாட் பல்பு ஒன்றும் எரியும்போது ஏறத்தாழ 2 அம்பியர் ஓடும். பெரிய பல்புகளில் ஒன்று எரிந்துபோனால் கரண்ட் ஏறக்குறைய பாதியாகிவிடும். உடனே பிளாஷர் இரட்டை வேகத்தில் அடித்து, இறங்கிப் பார்க்கும்படி ஓட்டுநருக்குச் சொல்லும். நாம் போடும் எல்ஈடியோ இரண்டு மூன்று வாட்டுக்கு மேல் இழுப்பதில்லை என்பதால், எல்லாப் பல்பும் போய்விட்டதாக எண்ணிப் பிளாஷர் அவசரப்படுகிறது. நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை வரை அடிப்பதே முறை. அதைத் தாண்டினால் பின்னால் வருபவருக்கு அது திரும்பும் அடையாளமாகத் தெரிவதைவிட ஏதோ கோளாறாகவே தெரியும். உள்ளேயுள்ள உலோகத் தகடு சூடேறி வளைவதால் வேலை செய்யும் பழைய பிளாஷராக இருந்தால், எல்ஈடி இழுக்கும் கரண்ட் அந்தத் தகட்டைச் சூடாக்கப் போதாமல் சிக்னல் அடிக்காமலே நின்றுவிடும்.

இதற்குக் கடைக்காரர் சொல்லும் கைவைத்தியம் ரெசிஸ்டர். தங்க நிற உலோக உறையில், இரண்டு வயர்களோடு வரும். 6 ஓம், 50 வாட் என்று எழுதியிருக்கும். சிக்னல் வயருக்கும் எர்த்துக்கும் (பெட்டரியின் நெகட்டிவோடு இணைந்த வண்டியின் உலோக உடம்பு) இடையில் அதைக் கொடுத்துவிட்டால், வெளிச்சம் தராமல் கரண்டை மட்டும் தின்று, பழைய பல்ப் இருப்பது போலப் பிளாஷரை நம்பவைக்கும். ஆனால் அந்த 6 ஓம், 12 வோல்ட் வண்டிகளுக்கென்று வருவது. நம் பாதைகளில் ஓடும் ஜப்பான் லொறிகளில் பெரும்பாலானவை இரண்டு பெட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட் வண்டிகள். என்ஜின் ஓடும்போது 28 வோல்ட் வரை ஏறும். அந்த 28 வோல்ட்டில் 6 ஓம் ரெசிஸ்டர் 130 வாட் சூட்டைக் கக்கும். விட்டு விட்டு அடிப்பதால் சராசரியாகப் பாதி என்று வைத்தாலும், 50 வாட் எழுதிய பொருளுக்கு அது அதிகம்.

கரட் ஏற்றிக்கொண்டு றம்பொடைப் பக்கம் இறங்கிய லொறியொன்று வளைவில் பழுதாகி, மழையிலும் பனிமூட்டத்திலும் ஹசார்ட் (இரு பக்கத்துச் சிக்னலும் ஒன்றாக அடிப்பது) போட்டபடி அரை மணி நேரம் நின்றிருக்கிறது. பின் லைட்டுகளுக்கு உட்புறம் 6 ஓம் ரெசிஸ்டர்களை வயர்க் கட்டோடு சேர்த்துப் பிளாஸ்டிக் டையால் இறுக்கியிருந்தார்கள். எனக்கு அந்த வண்டி வந்தபோது டை உருகிச் சொட்டியிருந்தது. பச்சை வயரின் உறையும் சிவப்பு வயரின் உறையும் ஒன்றோடொன்று ஒட்டி, செம்பு தெரிந்தது. ஷோர்ட் ஆகிப் பியூஸ் போனதால், லைட் மிக அவசியமாயிருந்த அந்த நேரத்தில் லொறியின் பின்பக்கம் இருண்டு கிடந்திருக்கிறது. தீப்பிடிக்காதது அன்றைய மழையின் புண்ணியம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ரெசிஸ்டர்தான் போட வேண்டும் என்றால் 24 வோல்ட்டுக்கு 25 ஓம் அளவில் கேட்டு வாங்கி, சேசிஸின் வெறும் உலோகத்தில் நட் போட்டு இறுக்கி, வயரும் பிளாஸ்டிக்கும் தொடாத இடத்தில் வையுங்கள். சரியான அளவானாலும் அது கைவைக்க முடியாதபடி சுடும். என்னைக் கேட்டால், கரண்டை மிச்சப்படுத்தவென்று எல்ஈடி போட்டுவிட்டு, மிச்சப்பட்டதை இப்படிச் சூடாக்கி வீசுவதில் அர்த்தமே இல்லை. எல்ஈடிக்கென்று வரும் எலக்ட்ரோனிக் பிளாஷர் எவ்வளவு கரண்ட் போனாலும் ஒரே வேகத்தில் அடிக்கும். வாங்கும்போது 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதையும், கால்களின் எண்ணிக்கையையும், ஒவ்வொரு காலின் அருகிலுள்ள எழுத்தையும் பழையதோடு ஒப்பிட வேண்டும். B என்பது பெட்டரி, L என்பது லைட், E என்பது எர்த். சிலவற்றில் இவை 49, 49a, 31 என்று இருக்கும். உருவம் ஒன்றாயிருந்தும் கால்கள் இடம் மாறியிருக்கும் பிளாஷர்கள் உண்டு, அவற்றைப் பார்க்காமல் சொருகினால் பியூஸ் போகும். பழையது இரண்டு காலாகவும் புதியது மூன்று காலாகவும் இருந்தால் எர்த்துக்குத் தனி வயர் இழுக்க வேண்டும். பிளாஷர் என்று தனியாக ஒன்றில்லாமல் கம்பியூட்டரே சிக்னலை அடிக்கும் புதிய வண்டிகளில் இந்த வழி சரிவராது.

பிளாஷரை மாற்றியும் கோளாறு தீராவிட்டால் எர்த்தைப் பாருங்கள். நம் பக்கத்து ஈரத்தில், அதிலும் நனைந்த கொழுந்தை நாள்தோறும் ஏற்றும் லொறிகளில், பின் லைட்டின் எர்த் நட் துருப்பிடிக்காமல் இருப்பதே அதிசயம். பிரேக் மிதித்தால் சிக்னலும் சேர்ந்து மங்கலாக மின்னுவது அதன் அடையாளம்: எர்த் கிடைக்காத கரண்ட் பக்கத்து லைட்டின் வழியே ஓடுகிறது. இழைப் பல்பை எரியவைக்கப் போதாத அந்தச் சிறு கசிவு எல்ஈடிக்குப் போதும். இதைச் சோதிக்கும்போது பழைய இழைப் பல்பைத் திரும்ப மாட்டி, அது எரியும்போது லைட்டின் எர்த்துக்கும் பெட்டரியின் நெகட்டிவுக்கும் இடையில் மீட்டரை வைக்க வேண்டும். எல்ஈடி இழுக்கும் கரண்ட் சொற்பம் என்பதால், அதை வைத்து அளந்தால் கெட்ட எர்த்தும் நல்லதாகவே தெரியும். அரை வோல்ட் காட்டினால் நட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டிவிட்டுக் கிரீஸ் பூசுங்கள். பழைய பல்பின் சூட்டில் லைட்டுக்குள் இருந்த ஈரம் காய்ந்துவிடும், எல்ஈடியில் அந்தச் சூடு கிடையாது. ஆகவே கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் வெடித்திருந்தால் அதையும் மாற்றுவது நல்லது.

பழைய வண்டிகள் சிலவற்றில் இடத்துக்கும் வலத்துக்கும் டேஷ்போர்டில் ஒரே பச்சை லைட்தான் இருக்கும். அது எதிர்ப்பக்கத்துப் பல்பின் வழியே எர்த் பெறுவதால், எல்ஈடி போட்டதும் எந்தப் பக்கம் போட்டாலும் நான்கு மூலையும் அடிக்கும். கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் 1N4007 டயோடு இரண்டை வைத்து இரு பக்கத்து வயர்களையும் பச்சை லைட்டின் ஒரு முனைக்குக் கொண்டுவந்து, மறு முனையை எர்த்தில் கட்டினால் வேலை முடிந்தது.

நிறத்தையும் கவனிக்க வேண்டும். மஞ்சள் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்ஈடி வெளிறித் தெரியும், மஞ்சளையே போடுங்கள். நுனியில் மட்டும் சிப் உள்ள பல்ப் நேராகப் பார்த்தால் கண்ணைக் கூசும், பக்கவாட்டில் மங்கிவிடும். வளைவுக்கு மேல் வளைவாகப் போகும் நம் பாதைகளில் பின்னால் வருபவர் பெரும்பாலும் சாய்ந்த கோணத்திலிருந்துதான் லைட்டைப் பார்க்கிறார். ஆகவே சுற்றிலும் சிப் உள்ள பல்பையே நான் மாட்டுகிறேன்.

எல்ஈடி பிளாஷருக்கு ஒரு குறை உண்டு: பல்ப் ஒன்று போனாலும் அது வேகம் மாறாமல் அடித்துக்கொண்டிருக்கும், ஓட்டுநருக்குத் தெரியாது. கொழுந்து லொறிக்காரர்களிடம் நான் சொல்லியிருப்பது, மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் ஹசார்டைப் போட்டுவிட்டு ஒருமுறை வண்டியைச் சுற்றி நடந்து வரும்படி.