ஏசி கேஸ் தீர்ந்துபோகாது

"வருஷா வருஷம் பங்குனி வந்தா கேஸ் போட்டுடுவோம் தம்பி" என்றார் சேலம் அஸ்தம்பட்டியில் ஓர் அம்மா. நான்கு வருடமாக அப்படித்தானாம். இந்த மாதத்தில் இது ஐந்தாவது வீடு. ஏசி வேலைக்கு வந்து 17 வருடம் ஆகிறது, இன்னும் இதைக் கேட்டால் மனசு ஆறவில்லை.

ஏசி கேஸ் பெட்ரோல் இல்லை, ஓட ஓடக் குறைவதற்கு. அடுப்பு சிலிண்டரும் இல்லை, எரிந்து தீர்வதற்கு. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வரும். மிஷின் ஆயுள் முழுக்க அதுவே போதும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. அதை அடைக்காமல் மேலே மேலே ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

அவுட்டோர் யூனிட்டைப் பார்த்தேன். குழாயை இணைக்கும் ஃப்ளேர் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் அப்பிய தூசி. சோப்பு நுரை தடவியதும் பொட்டுப் பொட்டாகக் குமிழ் கிளம்பியது. குழாய் முனையை வெட்டி, புதிதாக விரித்து (அதுதான் ஃப்ளேர் அடிப்பது) இறுக்கினேன். நான்கு வருடத்துக் கோளாறு அவ்வளவுதான்.

அது ஆர்410ஏ என்ற கேஸில் ஓடும் மிஷின். அந்தக் கேஸ் 1 கிலோ காற்றில் கலந்தால், 100 வருடக் கணக்கில் 2 டன் கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். கிட்டத்தட்ட 900 லிட்டர் பெட்ரோல் எரித்த மாதிரி! ஓசோனைப் பாதிக்காது என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது உண்மைதான். ஆனால் ஓசோன் ஓட்டை வேறு, பூமி சூடாவது வேறு. இப்போது வரும் ஆர்32 கேஸ் பூமியைச் சூடாக்குவது ஆர்410ஏ-வில் மூன்றில் ஒரு பங்குதான். ஆர்290 அதைவிட எவ்வளவோ தேவலை, ஆனால் அது புரொப்பேன், சட்டென்று தீப்பிடிக்கும். பழைய ஆர்22 மிஷினில் அதை ஏற்ற யாரையும் விடாதீர்கள். பூமியைச் சூடாக்கும் கேஸ்களைக் குறைக்க உலக நாடுகள் செய்த கிகாலி ஒப்பந்தப்படி, இந்தியா ஆர்410ஏ, ஆர்32 போன்ற கேஸ்களைக் குறைக்கத் தொடங்குவது 2032-ல்தான். அதுவரை ஒழுகாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

மெக்கானிக் வந்தால் "லீக் எங்கே?" என்று முதலில் கேளுங்கள். லீக் பார்க்க நைட்ரஜன் பிரஷர் வைத்தாரா, குழாயில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க வேக்கம் போட்டாரா, தராசில் எடை பார்த்து ஏற்றினாரா, பக்கத்தில் நின்று பாருங்கள். வீடு மாறும்போது வால்வைத் திறந்து 'உஸ்' என்று கேஸை வெளியே விடுகிற ஆளை அங்கேயே நிறுத்துங்கள். அவுட்டோர் யூனிட்டிலேயே இழுத்து அடைத்துக் கழற்றலாம், தெரிந்த எவருக்கும் சில நிமிட வேலை.

அப்புறம் அந்த வீடு மேல்மாடி. குழாய் மேலிருந்த கறுப்பு ஃபோம் உறை வெயிலில் காய்ந்து, தொட்டதும் உதிர்ந்தது. மாற்றிவிட்டேன். மொட்டை மாடியில் செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை. வெள்ளை கூலிங் பெயிண்ட் அடித்தால் ஏசி இவ்வளவு நேரம் ஓட வேண்டாம், சித்திரைக்குள் அடித்துவிடுங்கள் அம்மா என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.