திருவிருந்தா, இராப்போஜனமா?

ஞாயிறு காலை ஆராதனையில் அப்பமும் திராட்சை இரசமும் பகிரப்படும் சடங்கைப் ‘பரிசுத்த இராப்போஜனம்’ என்று அறிவிக்கும் வழக்கம் நம் சீர்திருத்த சபைகள் பலவற்றில் இன்னும் ஓயவில்லை. காலையில் உண்பதை இராவுணவு என்பது பொருந்தாது என்பது மட்டுமன்று, அச்சடங்கின் உயிரான பகிர்தலையே இச்சொல் மறைத்துவிடுகிறது. ‘திருவிருந்து’ என்பதே அதற்குத் தகும் பெயர்.

இதே சடங்குக்குக் கத்தோலிக்கர் வழங்கும் ‘நற்கருணை’ என்ற பெயர், ‘யூகாரிஸ்தியா’ என்ற கிரேக்கச் சொல்லின் உறுப்புகளுக்கு (‘யூ’ நல்ல, ‘காரிஸ்’ அருள்) நேர்நேராக அமைந்திருக்கிறது. முழுச்சொல்லுக்கோ நன்றி செலுத்துதல் என்பதே பொருள். கி.பி. 155 அளவில் எழுதிய தொடக்ககாலக் கிறிஸ்தவ அறிஞர் யுஸ்தீன் இவ்வுணவை அப்பெயராலேயே குறிக்கிறார்.

இராப்போஜனத்துக்கு ஆதரவாகப் பேசுவோர், கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 11ஆம் அதிகாரத்தில் பவுல் ‘கர்த்தருடைய தெயிப்னோன்’ என்று எழுதியதைக் காட்டுவர். தெயிப்னோன் என்பது அன்றைய கிரேக்கரின் முதன்மையான உணவு. அது பெரும்பாலும் மாலையில் உண்ணப்பட்டது என்பது உண்மையே. ஆனால் லூக்கா 14ஆம் அதிகாரத்தில் ஒரு மனிதன் பலரை அழைத்துத் தெயிப்னோன் அளித்த உவமையை, பவுலின் தொடரை இராப்போஜனம் என்று எழுதிய அதே பழைய தமிழ் வேதாகமம் ‘பெரிய விருந்து’ என்றுதான் தமிழாக்குகிறது. அங்கே இயல்பாக வந்த விருந்து இங்கே வராமற்போனதற்கு நியாயமில்லை. மேலும் பவுல் அவ்வதிகாரத்தில் கடிந்துகொள்வது வேளையைப் பற்றியன்று. அவனவன் தன் சாப்பாட்டை முந்திச் சாப்பிட, ஒருவன் பசித்திருக்க, இன்னொருவன் குடித்து வெறித்திருப்பதைப் பற்றியே. போஜனத்தை ஒருவன் தனித்திருந்தும் முடித்துக்கொள்ளலாம். அழைப்போரும் வருவோரும் இல்லாமல் விருந்து இல்லை. விருந்து என்ற சொல் வந்தவரையே குறித்தது என்பதற்கு ‘செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்’ என்ற குறள் சான்று. உண்பவரையும் உணவையும் ஒருங்கே தாங்கும் இப்படியொரு சொல் கையிலிருக்க, வடசொல்லோடு இரவைக் கட்டிச் சேர்ப்பானேன்?

வேளையையே வாதமாக வைத்தாலும் இராப்போஜனம் நிற்காது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, மாலை உணவு நேரத்தில் ஆண்டவர் ஏற்படுத்தியதை நாம் விடியுமுன் கூடும் கூட்டங்களிலும் பெறுகிறோம் என்று கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதிவிட்டார்.

இதைக் காட்டிலும் என்னை வருத்துவது, இச்சடங்கின் ஆங்கிலப் பெயரான ‘ஹோலி கம்யூனியன்’ என்பதைக் கண்டதும் அகராதியைப் புரட்டிப் ‘புனித ஒற்றுமை’ என்று எழுதும் மொழிபெயர்ப்பு. கிரேக்கத்தில் அதற்கு அடியான ‘கொய்னோனியா’ பங்குபெறுதலைக் குறிக்கும். ‘கிறிஸ்துவினுடைய சரீரத்தின் ஐக்கியம்’ என்று தமிழ் வேதாகமம் அதைப் பெயர்த்து நெடுங்காலமாகியும், திருச்சபைக்குள் வழங்கும் சொல்லைக் கேட்டறிய இவர்கள் முயல்வதில்லை.

இயேசு பாடுபடுவதற்கு முந்திய இரவில் சீடரோடு உண்ட அந்த ஒரு வேளையைக் குறிக்க ‘இறுதி இராவுணவு’ என்று எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை. அது நடந்தது இரவில்தான்.